பின்கட்டை உடைக்கச் சொல்லி நோட்டிஸ் வந்தால்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகிக்குப் பதில்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புத் தாமானில் எங்கள் வீடு. மாடி இல்லாத மலிவுவிலை வரிசை வீடு. அப்பா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நிலம் 20க்கு 60 அடி. முன்னால் 20 அடி, வீடு 30 அடி, பின்னால் 10 அடி காலி. அந்தப் பத்தடியை எல்லை வரை முழுதாக மூடி, தகரம் போட்டு, சமையலறையாக்கி மார்பிளும் ஒட்டிவிட்டோம். "உங்கள் நிலத்துக்குள் கட்டினால் பெர்மிட் தேவையில்லை" என்றார் கட்டிக் கொடுத்த குத்தகையாளர். மழை பெய்தால் தங்கள் பக்கம் தண்ணீர் கொட்டுகிறது என்று பக்கத்து வீட்டார் புகார் செய்ய, இப்போது கிரில் கதவில் நோட்டிஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே வரிசையில் நாலைந்து வீட்டில் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, கழிப்பறையை அவர் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவர ஆசை. தம்பிக்குக் கல்யாணம், முன் போர்ச்சுக்கு மேல் ஓர் அறை எடுக்கவும் யோசனை. 3,000 வெள்ளி கொடுத்தால் எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாக ஒருவர் வந்து போனார். எல்லாமே இடிபட்டுவிடுமா? பின்னறை ஜன்னல் இப்போது சமையலறைக்குள்தான் திறக்கிறது; அதற்கு நேர் கீழே உள்ள கழிவுநீர்த் தொட்டியின் சிமெண்டு மூடிமேலும் மார்பிள் ஒட்டிவிட்டோம்.

பதில்: அன்பு சகோதரிக்கு, எல்லாமே இடிபட வேண்டிய அவசியமில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்துப் பார்த்தால் சமையலறையில் பாதிக்கு மேல் காப்பாற்ற வழியிருக்கிறது. ஆனால் இன்றிலிருந்து பின்கட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. நோட்டிஸ் வந்த பிறகும் வேலை நடந்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. நோட்டிஸைக் கிழிக்காமல் எடுத்துப் படி எடுங்கள். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எத்தனை நாள் கெடு. வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டிஸும் இடிக்கச் சொல்லும் நோட்டிஸும் வேறு வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து, கெடு முடியும்வரை வாயே திறப்பதில்லை. பேச்சுக்கு இடமில்லாமல் போவது அப்போதுதான்.

குத்தகையாளர் சொன்னது தவறு. நிலம் உங்களுடையது என்பதால் அனுமதி வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பவோ மாற்றிக் கட்டவோ கூடாது. அனுமதியின்றிக் கட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. இடிக்கச் சொல்லியும் இடிக்காவிட்டால் மன்றமே இடித்து, செலவை உங்களிடம் வாங்கும். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இன்னொன்று. அதன் 19-ஆவது பிரிவு உள்வேலைகளுக்கு விலக்குத் தருகிறது. வெளித்தோற்றம் மாறாமல், தரைப்பரப்பும் உயரமும் கூடாமல், பயன்பாடு மாறாமல், வடிகாலையும் கழிவுநீர் ஏற்பாட்டையும் கட்டடத்தின் உறுதியையும் பாதிக்காமல் உள்ளே செய்யும் வேலைக்குத் திட்டமிடல் அனுமதி வேண்டாம். மார்பிள் ஒட்டுவது, அலமாரி அடிப்பது, சாயம் பூசுவது எல்லாம் இதில் அடங்கும். பின்கட்டு அடங்காது.

நாலைந்து வீட்டில் கட்டியிருப்பது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அவர்கள்மீது புகார் வரவில்லை, அவ்வளவுதான். "அவர்கள் வீட்டையும் பாருங்கள்" என்று மன்றத்தில் சொல்லப்போனால் அக்கம்பக்கத்துப் பகைதான் மிஞ்சும். கீழே சொல்லப்போகிற வேலைக்கு உங்களுக்குப் பக்கத்து வீட்டாரின் கையெழுத்து வேண்டியிருக்கும்.

பிளான் வரைய ஆள் தேடுமுன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், யார் பெயர்? அப்பா பெயரிலேயே இருந்தால், மன்றத்துக்கு மனுப் போட உங்களில் யாருக்கும் இப்போது தகுதியில்லை. மனுவில் கையெழுத்திட வேண்டியவர் பதிவுபெற்ற உரிமையாளர். மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி உரிமைத் தேடல் செய்யுங்கள். பெயரோடு சேர்த்து, நிலத்தின் வகை, அதன்மேல் உள்ள நிபந்தனை, வங்கிக் கடன், கேவியட் எனும் உரிமைமாற்றத் தடைப்பதிவு எல்லாம் அந்தத் தாளில் தெரியும். உயில் இல்லாமல் அப்பா காலமாகியிருந்தால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி பூசாக்கா (வாரிசுச் சொத்து) பிரிவில் மனுச் செய்து பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் எல்லாருடைய அடையாள அட்டை, அப்பா அம்மா திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், கெரான் நகல் தேவைப்படும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். தோட்டத்துக் குடும்பங்களில் அநேக வீடுகள் இன்னும் காலமானவர் பெயரிலேயே கிடக்கின்றன. சீரமைப்பு மனு நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பூசாக்கா மனு போட்டதற்கான ரசீது கையில் இருந்தால், அதைக் காட்டி மன்றத்திடம் கெடு நீட்டிக்கக் கேட்கலாம். அது நியாயமான காரணம், மறைக்காமல் சொல்லுங்கள்.

கெரானோடு மதிப்பீட்டு வரி, நில வரி ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கவுண்டரிலேயே மனுவைத் திருப்பிவிடுவார்கள். வங்கிக் கடன் முடியவில்லையென்றால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். பிறகு மன்றத்தின் கட்டடப் பிரிவில் உங்கள் தாமானுக்கு முதலில் அங்கீகரித்த பிளானின் நகல் கேளுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருவதால் அங்கேதான் கேட்க வேண்டும். அந்தப் பழைய பிளான் இல்லாமல் யார் வரைந்தாலும் அது ஊகம்தான். எந்தச் சுவர் பளு தாங்குகிறது, கழிவுநீர்த் தொட்டி எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

வரைபவர் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில், அதாவது லெம்பாகா ஆர்கிடெக் மலேசியாவில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். உங்கள் அளவு வீட்டுக்குப் பதிவுபெற்ற கட்டட வரைவாளரே போதும். அவர் பதிவு எண்ணைக் கேட்டு வாரியத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். கட்டியிருப்பதை உள்ளது உள்ளபடி அளந்து, பழையது, புதியது, இடிக்கப்போவது மூன்றையும் தனித்தனி நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டியதை மறைத்து, இனிமேல் கட்டப்போவதுபோல் வரைந்தால், அதிகாரி நேரில் வந்த அன்றே மனு கெட்டுவிடும்.

இனி பின்கட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டுக் கூரையின் பின்சரிவு சுமார் 15 அடி, புதுத் தகரம் 10 அடி, அகலம் 20 அடி. மொத்தம் 500 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 46 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், ஒரு மணி நேரத்தில் 4,600 லிட்டர் தண்ணீர் அந்த ஒரே விளிம்பில் வந்து விழும். முன்பு அதில் பெரும்பகுதி உங்கள் பின்முற்றத்தில் விழுந்து சாக்கடைக்குப் போனது. இப்போது விழ இடமில்லை. எனவே பக்கத்து வீட்டார் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றையும் போய்ப் பாருங்கள்: தகரத்தைத் தாங்கும் சட்டங்களின் முனை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? எல்லைச் சுவர்மேல் என்றால் அதை உடனே மாற்ற வேண்டும். நாலரை அங்குல வேலிச்சுவர் கூரையைத் தாங்கக் கட்டியதல்ல, பக்கத்து வீட்டாருக்கும் அதில் உரிமை உண்டு. உங்கள் பக்கத்திலேயே தூண் நிறுத்தி, கூரை விளிம்பை எல்லைக்கு உள்ளே இழுத்து, மழைநீர்க் கட்டரும் இறங்கு குழாயும் வைத்து, உங்கள் நிலத்துக்குள்ளேயே சாக்கடையில் விட வேண்டும்.

அடுத்தது காற்று. பின்னறை ஜன்னல் இப்போது சமையலறைக்குள் திறக்கிறது என்றும், அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கழிவுநீர்த் தொட்டியின் சிமெண்டு மூடிமேல் மார்பிள் ஒட்டியிருப்பதாகவும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதியிருந்தாலும் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளின்படி வாழும் அறையின் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். காற்று தடையின்றி வரும் திறப்பு 5 விழுக்காடு இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறைக்கு 10 சதுர அடி ஜன்னல், 5 சதுர அடி திறப்பு. மூடிய சமையலறைக்குள் திறக்கும் ஜன்னல் இந்தக் கணக்கில் சேராது. விதியை விடுங்கள், ஆபத்தைப் பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், போக வழியிருக்காது. தொட்டியிலிருந்து எழும் வாயுவும் அதே மூடிய இடத்துக்குள்தான் வரும். மூடியைத் திறக்க முடியாததால் கசடு உறிஞ்சும் லாரி வந்தாலும் பயனில்லை. தொட்டி நிறைந்து கழிப்பறையில் எதிர்த்து வரும், அல்லது கசடோடு சாக்கடையில் கலக்கும்.

இந்த மூன்று சிக்கலும் ஒரே இடத்தில் இருப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அந்த ஜன்னலுக்கு நேராக 2.5 மீட்டர், அதாவது 8 அடி 2½ அங்குல அகலத்துக்குத் தகரத்தைப் பிரித்து வானத்துக்குத் திறந்துவிடுங்கள். இரண்டு தளம் வரையுள்ள கட்டடத்தில் காற்றுக்கிணறு 7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறுகக்கூடாது என்பது துணைவிதி. உங்கள் பின்முற்ற ஆழம் 10 அடி என்பதால், சுவரின் கனம் போனாலும் 7 சதுர மீட்டர் தேறும். ஜன்னலுக்கு வெளிக்காற்று கிடைக்கும், தொட்டி மூடி வெளியே வரும், பின்சரிவுத் தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு உங்கள் முற்றத்திலேயே விழும். மீதி ஏறக்குறைய 12க்கு 10 அடி சமையலறையாக நிற்கும். சமையலறைக்குச் சட்டம் கேட்பது 4.5 சதுர மீட்டர்தான், உங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். வரைவாளரிடம் இந்த அமைப்பை முதலில் வரையச் சொல்லுங்கள். பின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிச் சுவர் நிற்க வேண்டும் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். அதைக் கட்டடப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே பின்சுவரைத் தொடுங்கள். எல்லையைத் தாண்டிப் பின்சந்தில் ஒரு படிக்கட்டோ மேடையோ போட்டிருந்தால் அதை இப்போதே எடுத்துவிடுங்கள். அது அரசு நிலம், நில அலுவலகம் தனியே வழக்குப் போடலாம்.

சமையலறை உயரத்திலும் சிக்கல் வரும். குறைந்தது 2.25 மீட்டர், அதாவது 7 அடி 4½ அங்குலம் வேண்டும். வீட்டு இறவாணம் 8 அடியில் இருந்து, அதன் அடியிலிருந்து தகரத்தை 5 பாகைச் சரிவில் இறக்கினால், பத்தடி போவதற்குள் பத்தரை அங்குலம் தாழ்ந்து 7 அடி 1½ அங்குலத்தில் நிற்கும். மூன்று அங்குலம் குறைவு. சரிவைக் குறைத்து ஈடுகட்டப் பார்ப்பவர்கள் வீட்டில்தான் தகர இணைப்பு வழியாக ஒழுகுகிறது. தூண்களை உயர்த்தி, புதுக் கூரையை இறவாணத்துக்கு மேலே நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் அகலமான கட்டர் வைப்பது நல்ல வழி. அந்தக் கட்டரை மழைக்காலத்துக்கு முன் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டிருந்தால் சிமெண்டு வைத்துப் பூசாதீர்கள். தோட்ட நிலத்தை மேடுவெட்டிப் பள்ளம் நிரப்பித் தாமான் போட்ட இடங்களில் மண் நெடுநாள் இறங்கிக்கொண்டிருக்கும். புதைந்த மரக்கட்டையும் வேரும் மக்கும்போது இன்னும் இறங்கும். வீட்டின் அடித்தளம் ஒரு வேகத்தில், ஆழமில்லாத புதுக் கட்டின் அடித்தளம் இன்னொரு வேகத்தில் இறங்குவதால்தான் அந்த விரிசல். இரண்டையும் கம்பி போட்டு இணைத்தால் புதுக் கட்டு பழைய சுவரையும் இழுத்துக் கிழிக்கும். தனித் தூண், தனி பீம், நடுவில் அரை அங்குல இடைவெளி, அதில் நெளியக்கூடிய சீலண்ட் என்று பிரித்து வைப்பதே சரி.

தகரத்தைப் பிரிக்கும்போது வீட்டின் பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடா என்று கவனியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து முழுத் தகடாக இறக்கத் தெரிந்தவர்களையே கூப்பிடுங்கள்.

அம்மாவின் கழிப்பறை. இருக்கும் கழிப்பறையிலேயே உட்காரும் பீங்கான், கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்று மாற்றினால் அது உள்வேலை, நோட்டிஸ் விவகாரம் தீருமுன்பே செய்யலாம். கழிப்பறையை வேறு இடத்துக்கு நகர்த்தினால் கழிவுக் குழாயின் வழி மாறுகிறது, விலக்குப் போய்விடுகிறது. அதைப் பின்கட்டுப் பிளானோடு சேர்த்து ஒரே மனுவில் போடுங்கள். முட்டி வலிக்கு இன்றே தேவை கைப்பிடிதான், அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

போர்ச்சுக்கு மேல் அறை வேண்டாம். தம்பியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மலிவுவிலை வரிசை வீடுகள் பலவற்றில் பீமும் தூணும் கிடையாது, சுவரே பளுவைத் தாங்கும். அடித்தளமும் ஒரு தளத்துக்குக் கணக்கிட்டது. மேல்தளம் எடுக்கப் பதிவுபெற்ற பொறியாளர் மண்ணைச் சோதித்து, தனி அடித்தளம் வரைந்து கையெழுத்திட வேண்டும். முன் எல்லைக் கோட்டுப் பிரச்சினையும் வரும். இதே காரணத்தால், வீட்டுக்குள் நடுச்சுவரை உடைத்துக் கூடத்தைப் பெரிதாக்கும் யோசனை வந்தாலும் பொறியாளர் பார்க்காமல் கைவைக்க வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் தோட்ட லயத்திலேயே குடியிருப்போருக்கு ஒரு வார்த்தை. அந்த வீடு நிர்வாகத்துடையது. குடியிருப்பு, வசதிகள் குறித்த 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தபட்சத் தரத்தில் அதை வைத்திருப்பது முதலாளியின் கடமை. சொந்தக் காசில் பின்கட்டு எழுப்பினால் வேலை விட்டுப் போகும்போது அந்தக் காசைக் கேட்க வழியில்லை. கூரை ஒழுகினால் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், அவர் கவனிக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

அந்த 3,000 வெள்ளி ஆளுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். மன்றத்துக்குக் கட்டுவது எல்லாம் கவுண்டரில், அதிகாரபூர்வ ரசீதோடு மட்டும். அது அதிகாரிக்குப் போகிற காசென்றால் கொடுப்பவரும் குற்றவாளி. போகாத காசென்றால் உங்கள் கெடுதான் வீணாகும்.

கெடு முடியுமுன் மன்றத் தலைவருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நோட்டிஸ் எண், தேதி, வீட்டு முகவரி, லாட் எண் மேலே இருக்கட்டும். வேலை நிறுத்தப்பட்டது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். கூரை விளிம்பை எல்லைக்குள் இழுத்து, தொட்டி மூடிக்கு மேல் உள்ள பகுதியைத் திறந்துவிடச் சம்மதம் என்பது இரண்டாவது. மீதிக்குப் பிளான் சமர்ப்பிக்க எத்தனை நாள் வேண்டும் என்பது மூன்றாவது, வரைவாளரிடம் கேட்டு உண்மையான கணக்கை எழுதுங்கள். கெரான் அப்பா பெயரிலேயே இருந்தால், உரிமையாளர் காலமாகிவிட்டார், பூசாக்கா மனு நடக்கிறது என்பது நான்காவது. இப்போதைய நிலையைக் காட்டும் படங்களையும் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். அந்தச் சம்மதத்தைக் கேட்கப் போகுமுன் கூரை விளிம்பை இழுத்துவிட்டுப் போனால் பேச்சு சுலபமாகும். ஆனால் நிறுத்தச் சொல்லியிருக்கும் நேரத்தில் அந்தத் திருத்த வேலைக்கும் கட்டடப் பிரிவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும், எனவே காசு சேர்ந்த பின்னரே மனுவை முடிவுக்குக் கொண்டுவாருங்கள். கடிதத்தை இரண்டு படியாகக் கொண்டுபோய், உங்கள் படியில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பும் தேதியும் குத்தி வாங்காமல் கவுண்டரைவிட்டு நகராதீர்கள்.